பேக்கரிக்கு மேலே ஒரு ஏசி

போன செவ்வாய்க்கிழமை, மாலை நான்கே கால் மணி. நுவரெலியா பஜாரில் ஒரு மின்சாதனக் கடைக்குள் நுழைந்து, "ஏசி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

வெளியே மூடுபனி. நான் சுவெட்டர் போட்டிருந்தேன். அதற்கு மேல் கோட். கழுத்தில் மஃப்ளர். சொல்வது தெளிவாகக் கேட்கட்டும் என்று மஃப்ளரை வாயிலிருந்து சற்றுக் கீழே இறக்கியும் விட்டிருந்தேன்.

"ஹீட்டர் இந்தப் பக்கம் இருக்குதுண்ணே," என்று கடைக்காரர் வழிகாட்டினார்.

"ஹீட்டர் இல்லைங்க. ஏசி. உருட்டிக்கிட்டுப் போறது... போர்ட்டபிள்."

"ஓ... கொழும்புல யாரு வீட்டுக்குங்க?"

"கொழும்புக்கு இல்லைங்க. இங்கதான். பேக்கரிக்கு மேல் வீடு."

அவர் என் மஃப்ளரைப் பார்த்தார். பிறகு காசாளர் பக்கம் திரும்பினார். "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க. இந்த அண்ணன் என்னமோ கேக்குறாரு. எனக்கு வெளங்குனது சரியான்னு நீங்களும் கேளுங்க."

அக்கா வந்தார். அவர் தலையில் கம்பளித் தொப்பி. மூன்றாவது முறையாக "ஏசி" என்றேன்.

"சும்மா கடைக்கு வெளிய போயி நில்லுங்கண்ணே," என்றார் அக்கா. "காசு கேக்க மாட்டோம்."

இந்த ஊரில் ஏசி கேட்பவனைப் பார்த்து மூளை குழம்பியவன் என்று நினைப்பது நியாயம். ஆறு வாரங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு வித்தியாசம் — நான் அதை என் மனைவியைப் பற்றி நினைத்தேன்.

எங்கள் வாடகை வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே பேக்கரி. மேலே நாங்கள் இருவர். பேக்கரியின் போறணை, அதாவது பாண் சுடும் பெரிய விறகு அடுப்பு, எங்கள் முன்னறைக்கு நேர் கீழே இருக்கிறது. அதன் புகைபோக்கி எங்கள் முன்னறைச் சுவருக்குள்ளேயே மேலேறி, கூரைக்கு வெளியே போகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் போறணையை மூட்டுவார்கள். மூன்றரைக்குள் எங்கள் சுவரில் கை வைத்தால் தேநீர்க் கோப்பையில் கை வைத்த மாதிரி இருக்கும்.

வேறு ஊரில் இப்படிப்பட்ட வீட்டைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். நுவரெலியாவில் இதற்குப் போட்டி. ஒன்பது வருடங்களுக்கு முன் எங்களோடு சேர்த்து ஐந்து குடும்பங்கள் கேட்டன. என் மனைவி ஸ்டெல்லா சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு நிமிடம் நின்றாள். "இதுதாங்க வீடு," என்றாள். சமைக்கப்போகிற குசினியைப் போய்ப் பார்க்கவேயில்லை.

மழை மாதங்களில் தெருவிலுள்ள பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எங்களைப் பார்க்க அல்ல... பாடசாலைச் சீருடை காயப்போட. சுவரோடு ஒட்டி ஒரு கொடி கட்டியிருக்கிறோம். ஒரு சமயம் அதில் பதினொரு வெள்ளைச் சட்டைகள் தொங்கின. எண்ணி டயரியில் எழுதியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில், ஆறு வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை மாலை, ஸ்டெல்லா திடீரென்று சுவெட்டரைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, "சூடு தாங்க முடியலைங்க," என்றாள்.

அவள் கணித ஆசிரியை. மிகைப்படுத்திப் பேசுகிறவள் அல்ல. அடுத்த நாளும் அதையே சொன்னாள். புதன்கிழமை இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஃபாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, பாட்டுத்தாளை மடித்து விசிற ஆரம்பித்தாள். கோவிலில் மற்ற எல்லோரும் சால்வைக்குள் இருந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிலுவைப் பாதைப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "ஒண்ணு வீட்ட மாத்துவோம். இல்லாட்டி அந்த உருட்டுற ஏசி ஒண்ணு வாங்குவோம்."

நுவரெலியாவில். ஏசி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. முன்னறை ஜன்னல்களை எங்கள் வீட்டுக்காரரான பேக்கரி முதலாளி என்றோ ஆணி அடித்து மூடிவிட்டார். குளிர் ஒரு காரணம். புகை இன்னொரு காரணம். மூடுபனி நாளில் விறகுப் புகை மேலே போகாது; கீழே இறங்கி வீட்டுக்குள் வரும். ஸ்டெல்லாவின் நெஞ்சுக்குப் புகை ஆகாது. சரி, மின்விசிறி? ஒன்று வாங்கினோம். அது சூட்டை ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குக் கொண்டுபோய் வைத்தது.

எங்களைவிடத் தாழ்வான ஊரான வட்டவளையிலுள்ள அவளுடைய தங்கச்சியிடம் போனில் யோசனை கேட்டேன்.

"அத்தான், இங்க எங்களுக்கு வெயிலு கொளுத்துது. ஏசி வாங்குனீங்கன்னா மொதல்ல எங்க வீட்டுக்கு அனுப்புங்க," என்றாள். பிறகு, "அக்காவுக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்குது?" என்று கேட்டாள்.

நல்லாத்தான் இருக்கிறது என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். ஒன்றும் இல்லை.

என் தொழில் என்னவென்று இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படித்துவரும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். நானுஓயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரி. இருபத்திரண்டு வருடங்களாக வெப்பமானி பார்த்து எழுதுவதுதான் வேலை. கொழுந்து வாட்டும் இடத்தில் ஒரு வாசிப்பு, உலர்த்தும் இடத்தில் ஒரு வாசிப்பு, மணிக்கு ஒரு தடவை. யாராவது "இன்னைக்குச் சூடு கூட இருக்குதுங்கய்யா" என்று சொன்னால், நான் வாயைப் பார்க்க மாட்டேன். வெப்பமானியைப் பார்ப்பேன்.

ஆகவே வீட்டிலும் ஒன்று வாங்கி மாட்டினேன். புகைபோக்கிச் சுவருக்கு எதிர்ச்சுவரில், ஐந்தடி உயரத்தில். ஒரு புதுக் கொப்பியில் மூன்று பத்திகள் கோடு போட்டேன். நேரம், பாகை, ஸ்டெல்லா சொன்னது.

முதல் நாள், மாலை ஐந்து பத்து. "சூடு," என்றாள். எழுந்துபோய்ப் பார்த்தேன். "இருபத்தேழு," என்றேன். "கொஞ்சம் சூடுதான்."

அடுத்த நாள் காலை ஆறு நாற்பது. போறணை இன்னும் ஆறிக்கிடக்கிறது. "சூடு," என்றாள். போய்ப் பார்த்தேன். "பதினெட்டு." திரும்பி வந்து உட்கார்ந்தேன். "பதினெட்டுல யாருக்கும் வேர்க்காது."

அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் இப்படி. ஆரம்பத்தில் அவளுக்கும் இது விளையாட்டாக இருந்தது. "அறிவிப்பாளர் ஐயா, இப்ப எத்தனைங்க?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். பிறகு நான் எழுந்து நடக்கும்போதே, "வேணாம், ஒக்காருங்க," என்று சொல்ல ஆரம்பித்தாள். அதையும் மூன்றாவது பத்தியில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் முடிவை ஒரு பக்கத்தில் தொகுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாசித்துக் காட்டினேன். அறையின் சராசரி இருபத்திரண்டு பாகை. அவள் சூடு என்று சொன்ன தடவைகளில் பாதிக்கு மேல், போறணை அணைந்திருந்த நேரத்தில். ஆகவே வீட்டுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே ஏசி தேவையில்லை.

அவள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சராசரிக்கு வேர்க்காதுங்க," என்றாள். "எனக்குத்தான் வேர்க்குது."

நல்ல பதில் என்று தோன்றியது. அதையும் எழுதினேன்.

அடுத்த நாளிலிருந்து அவள் சூடு என்று சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டு நாள்... எட்டு நாள். கொப்பியில் மூன்றாவது பத்தி எட்டு நாளும் வெறுமை. எனக்குத் திருப்தி. ஒரு பிரச்சினையை ஒழுங்காக அளந்து, ஒழுங்காக எழுதி, ஒழுங்காக முடித்த திருப்தி. இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஒன்பதாம் நாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய்விட்டது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக, நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அவள் இல்லை. குசினியிலும் இல்லை. பின்பக்கக் கதவு திறந்திருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் படிக்கட்டு இருக்கிறது. அதன் மூன்றாவது படியில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். தூறல். மூடுபனியில் கீழ்ப்படிகள் தெரியவில்லை. அவள் மேல் சுவெட்டர் இல்லை, சால்வை இல்லை. மடியில் எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள்கள். அவை நனையாமலிருக்கத் தலைக்குமேல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தாள். குடை தாள்களுக்குத்தான். அவள் முதுகு நனைந்திருந்தது.

"என்னா இது?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இன்னைக்கு என்னங்க, வெள்ளன வந்துட்டீங்க?"

"எத்தனை நாளா இப்பிடி?"

"எட்டு நாளா. நீங்க வர்ற நேரத்துக்கு உள்ள வந்துருவேன்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீங்க எந்திரிச்சு செவத்துகிட்ட போவீங்க."

ஆனாலும் இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவன் உடனே அடங்கிவிடுவானா? "இல்லம்மா... அறையில உண்மையிலேயே சூடு இல்லையே," என்றேன்.

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். "ஒண்ணு கேக்குறேன். மலையிலிருந்து கொழுந்து மூட்ட வந்து எறங்குது. உள்ள சூடாயிருச்சா இல்லையான்னு நீங்க எங்க பாப்பீங்க? பேக்டரி செவத்துலயா?"

தேயிலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பறித்த கொழுந்தை அழுத்தி மூட்டையில் கட்டி வைத்தால் அது தானாகவே சூடாகும். வெளியே மழையா, பனியா என்பது அதற்குக் கணக்கில்லை. சூடு உள்ளேயிருந்து வருகிறது. கவனிக்காமல் விட்டால் இலை சிவந்துபோகும். பிறகு எந்தத் தேயிலைக்கும் உதவாது. அதனால் மூட்டை இறங்கியதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பது. சுவரிலுள்ள வெப்பமானி என்ன சொல்கிறது என்று அந்த நேரத்தில் எந்தப் பைத்தியக்காரனும் பார்க்க மாட்டான்.

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. அவள் கழுத்தின் பின்பக்கம் கை வைத்தேன். வேர்வை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரிக் கொதித்தது.

"எத்தன பாகைங்க?" என்றாள்.

"தெரியல," என்றேன்.

என் உத்தியோகத்தில் அந்த வார்த்தையை இதுவரை சொன்னதில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். பெண் டாக்டர். ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தொன்பது வயது என்று தெரிந்ததும், மேலும் நான்கு கேள்விகள் கேட்டார். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருகிற சூடு இது, பலருக்கும் வரும், சிலருக்குச் சில மாதம், சிலருக்குச் சில வருடம் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தெந்த நேரம் என்று கேட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். பிறகு நடுவிலிருந்த பத்தியைக் காட்டி, "இது என்ன நம்பர்?" என்று கேட்டார்.

"அறையின் வெப்பநிலைங்க டாக்டர்."

"அது எதுக்கு?"

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெண்கள் விஷயம், நம் ஊர் சிறிய ஊர் என்றேன். "எழுதுங்க," என்றாள். "எத்தனை வீட்டுல வெப்பமானி இல்லாமலேயே இது நடக்குதோ."

சூடான இடத்தில் இருந்தால் இது கூடும், குளிர்ச்சியான அறை உதவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு மாறலாமா என்று யோசித்தோம். ஸ்டெல்லாவே வேண்டாம் என்றாள். "எனக்கு ஒரே நாள்ல அஞ்சு தடவ வேர்க்குது, அஞ்சு தடவ குளிருது. குளிருறப்ப எனக்கு அந்தச் செவரு வேணும்." சரிதான். அவளுக்கு வேண்டியது சூடான வீடும் அல்ல, குளிர்ந்த வீடும் அல்ல. கேட்ட நிமிடத்தில் மாறுகிற வீடு. அதைத்தான் அவள் முதல் வாரமே, உருட்டுகிற ஏசி என்று சொல்லியிருந்தாள்.

ஆகவேதான் போன செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். கண்டியிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

இதில் இன்னொரு தடை இருந்தது. இந்த இயந்திரம் அறையின் சூட்டை ஒரு பருத்த குழாய் வழியாக வெளியே தள்ளும். குழாய்க்கு ஜன்னல் வேண்டும். எங்கள் ஜன்னல் ஆணி அடித்த ஜன்னல். முதலாளியிடம் கேட்கக் கீழே போனோம்.

முதலாளிக்கு அறுபது வயது. மூன்று தலைமுறையாக பஜாரில் கடை. அந்தக் கதகதப்பைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. "ஐயா, என்னங்க பேசுறீங்க?" என்றார். "நம்ம வீட்டுக்கு ஏசி போட்டிருக்குன்னு வெளிய தெரிஞ்சா என்னா நெனப்பாங்க? இந்தச் சூட்டுக்காகவே வாடகைக்குக் கேட்டு நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்.

"மொதலாளி, சூடு உங்க வீட்டுல இல்லைங்க. என் ஒடம்புல. என் வயசுல உங்க வீட்டு அக்காவுக்கும் இப்பிடி இருந்திருக்கும். ராத்திரி சாப்புடுறப்ப கேட்டுப் பாருங்க."

அவர் பாண் கூடையைப் பார்த்துக்கொண்டு, "பாப்போம்," என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கதவைத் தட்டும் சத்தம். முதலாளி. கையில் சுத்தியல். நேராக முன்னறைக்குப் போய் ஜன்னல் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மொத்தம் பதினான்கு. பிடுங்கிய ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லா தேநீர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார்.

"கேட்டேங்க," என்றார், என்னைப் பார்த்து. "ஆறு வருசமாம். மொட்ட மாடிக்குப் போயி போயி ஒக்காந்திருந்தாளாம். நான் துணி காயப்போட போறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நுவரெலியாவில் மொட்டை மாடியில் துணி காயாது. அவருக்கும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் வந்தது. நான்கு சக்கரம். ஒரு சின்ன அலுமாரி உயரம். குழாயை ஜன்னலில் பொருத்தி, சுற்றிலும் பலகை வைத்து அடைத்தேன். சூடான காற்று தெருப் பக்கம் போகிறது. சனிக்கிழமை மாலை வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில் நிற்கும் ஆட்டோக்களில் மூன்று, எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றிருந்தன. ஓட்டுநர்கள் ஜன்னலுக்கு நேரே தலையை நிமிர்த்தி நின்றிருந்தார்கள். ஒருவர் என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, "டீச்சர நல்லா கவனிச்சுக்கங்கய்யா," என்றார்.

நேற்று மாலை ஐந்து இருபது. கீழே போறணை எரிந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா முன்னறை மேசையில் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே நான் டயரி எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க... சூடு."

எழுந்தேன். கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் முகத்தைக் காற்றுக்கு நேரே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையுறையைத் தேடினேன்.

அறையில் எத்தனை பாகை என்று கேட்காதீர்கள், பார்க்கவில்லை. எனக்குக் குளிர்ந்தது — சொன்னால் நம்புங்கள்.